வன்னிக் குசினிக்கு எந்தக் காஸ் குக்கர்?

வவுனியாவைத் தாண்டி ஏ-9 வீதியால் வடக்கே செல்கிறவர்கள் இரு மருங்கிலும் எழுந்துவரும் புதிய வீடுகளைக் கவனித்திருப்பார்கள். பிள்ளைகள் கனடாவிலோ சுவிஸிலோ இங்கிலாந்திலோ இருக்கும் வீடுகள் என்றால் முகப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவ்வாறான சில வீடுகளின் குசினிகளுக்குள்ளும் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பளபளக்கும் கருங்கல் மேடை, அதன் மேலும் கீழும் பாண்ட்ரி அலுமாரிகள், நடுவே நாலைந்து பேர்னர்களும் கீழே போறணையும் கொண்ட பெரிய காஸ் குக்கர். போறணைக் கதவில் கடைக்காரர் ஒட்டிய ஸ்ரிக்கர் இன்னும் உரிக்கப்படவில்லை. பின்கதவால் வெளியே போனால், தகரக் கொட்டிலுக்குள் மூன்று கல் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டு, "எங்கட சனம் திருந்தாது" என்று சொல்லும் வெளிநாட்டு விருந்தினர்கள் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. கொட்டிலில் நிற்கும் பெண்ணுக்குத் தனது சமையலும் தெரியும், தனது ஊரின் வரலாறும் தெரியும். உள்ளே நிற்கும் குக்கரைத் தெரிவு செய்தவருக்கு இவை இரண்டும் தெரியாது அல்லது மறந்துவிட்டன. காசு அனுப்புபவர் தெரிவு செய்கிறார், கட்டிட ஒப்பந்தகாரர் அளவு எடுக்கிறார், கடைக்காரர் விற்கிறார். அடுப்பின் முன்னால் ஒவ்வொரு நாளும் நாலைந்து மணிநேரம் நிற்கப்போகிறவரை மட்டும் எவரும் கேட்பதில்லை.

குசினிப் பக்கம் தேநீருக்கு மட்டும் தலைகாட்டும் ஒருவர் அடுப்பைப் பற்றி எழுதுவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அக்காவுக்காகவும் வேறு இரண்டு உறவினர்களுக்காகவும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா இருப்பது கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம். மருமகன் ரொறன்ரோவில். வீட்டைத் திருத்திக் கட்டியபோது, தான் அங்கே பாவிப்பது போன்ற ஆறு பேர்னர் குக்கர் ஒன்றை வேறு பொருட்களோடு கொள்கலனில் ஏற்றி அனுப்பப்போவதாகச் சொன்னான். அம்மா இவ்வளவு காலமும் புகைக்குள் கிடந்தது போதும் என்பது அவனுடைய நியாயம். அந்தப் பாசத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்தக் குக்கர் இங்கே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கவேண்டும். இதே எண்ணத்தோடு இருக்கும் வேறு பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பெரும்பாலான வீடுகளுக்கு நிலத்தடிக் குழாய் வழியாக வருவது இயற்கை எரிவாயு. இலங்கையில் நாம் சிலிண்டரில் வாங்குவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமாக்கப்பட்ட பெற்றோலிய வாயு. இரண்டும் ஒன்றல்ல. அமுக்கமும் வேறு, ஒரே அளவு வாயு தரும் வெப்பமும் வேறு. இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த குக்கரில் வாயு வெளிவரும் துளைகள் பெரியவை. அதில் நமது சிலிண்டரைப் பூட்டினால் சுவாலை மஞ்சளாக, உயரமாக, கரி கக்கிக்கொண்டு எழும். துளைகளை மாற்றித்தான் பாவிக்கவேண்டும். மாற்றுவதற்கு அந்தக் கம்பனியின் உதிரிப்பாகமும், அதைச் செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். கிளிநொச்சியில் யாரைத் தேடுவது? அத்துடன் கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், நம்முடையது 230. பற்றவைக்கும் பொறியும் போறணையின் கட்டுப்பாடும் மின்சாரத்தில் இயங்குவதானால், செருகிய அன்றைக்கே அவற்றின் கதை முடிந்துவிடும்.

இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னபோது மருமகன், "அப்ப மாமா, அங்கேயே அப்படி ஒன்றை வாங்குங்கோ" என்றான். வாங்கலாம்தான். கடைகளில் இருக்கிறது. அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "தம்பி, உந்தப் பெரிய சாமானைத் துடைக்கிறதுக்கே எனக்கு அரைநாள் போயிடும். உதுக்குள்ள நான் என்னத்தைச் சுடுறது?" என்றார்.

போறணையில் கேக் சுடும் வீடுகள் வன்னியில் இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை எரியும் ஒரு போறணைக்காக ஆண்டு முழுவதும் குசினியின் கால்வாசியைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நமது வேலை அடுப்பின் மேல்பக்கத்தில்தான் நடக்கிறது. காலையில் புட்டுப்பானை, பக்கத்தில் சம்பலுக்கு மிளகாய் பொரிக்கத் தாச்சி. மத்தியானம் உலை, பருப்பு, மீன்குழம்பு, ஒரு பொரியல், கடைசியாகச் சொதி. இவற்றில் பெரும்பாலானவை அகன்ற, அடி உருண்ட, பாரமான பாத்திரங்கள். ஆகவே எத்தனை பேர்னர் என்று எண்ணுவதை விட, ஒரு பேர்னருக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதே பயனுள்ளது. நாலு பேர்னர் என்று விற்கப்படும் பல அடுப்புகளில் ஒரு குழம்புச் சட்டியையும் ஒரு புட்டுப்பானையையும் வைத்த பிறகு மிச்சம் இரண்டு பேர்னரிலும் கேத்தில் கூட வைக்க இடமிருக்காது. அக்கா கடைக்குத் தனது தாச்சியையும் சோற்றுப்பானையையும் உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் ஒவ்வோர் அடுப்பின் மேலும் இரண்டையும் வைத்து, ஆடுகிறதா, ஒன்றோடொன்று முட்டுகிறதா என்று பார்த்தார். சட்டி தாங்கும் கம்பிகளைக் கையால் அழுத்திப் பார்த்தார். எந்த விளம்பரமும் சொல்லாத விடயங்களை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

அடுத்தது கண்ணாடி. இப்போது கடைகளின் முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி முகம் கொண்ட அடுப்புகளே. துடைக்க இலகு, பார்க்க அழகு. ஆனால் அடி கனத்த பானையை இறக்கி ஏற்றும் குசினியில், கொதி தண்ணீரும் குளிர் தண்ணீரும் மாறி மாறிச் சிந்தும் இடத்தில், எனது வாக்கு துருப்பிடிக்காத உருக்குத் தகட்டுக்கே. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்த செய்திகள் நாள்தோறும் வந்தபோது, கண்ணாடி சிதறிக் கிடந்த குசினிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்த விபத்துகளின் காரணத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நியமித்த குழு, சிலிண்டரில் அடைக்கப்பட்ட வாயுவின் கலவை மாற்றப்பட்டதே முதன்மையான காரணம் என்று கண்டது. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். பழைய கலவைக்குத் தாக்குப்பிடித்த தரங்குறைந்த ரெகுலேற்றர்களும் நைந்த குழாய்களும் தளர்ந்த இணைப்புகளும் அந்தக் கூடுதல் அமுக்கத்தில் கசியத் தொடங்குகின்றன. கலவையை மாற்றியது பாவனையாளர் அல்ல. ஆனால் விலையைக் கொடுத்தவர் அவரே. கலவையைக் கட்டுப்படுத்த நம்மால் முடியாது, ரெகுலேற்றரையும் குழாயையும் தெரிவு செய்ய முடியும். ஆறு பேர்னர் குக்கருக்கு இலட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதை இணைக்கும் குழாயைச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள ரெகுலேற்றரும் குழாயும் கௌவியும் வாங்குங்கள். குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். வன்னியில் இன்னொரு பிரச்சினையும் உண்டு, எலி. நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் ரப்பர் குழாயை மாதம் ஒருமுறையாவது முழு நீளமும் தடவிப் பார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

சிலிண்டரைப் பாண்ட்ரி அலுமாரிக்குள் ஒளித்துவைக்கும் பழக்கமும் புதிய வீடுகளோடு வந்திருக்கிறது. இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே எழுந்து யன்னலால் போகாது. தண்ணீரைப் போலத் தாழ்ந்து தரையோடு தேங்கும். மூடிய அலுமாரிக்குள் தேங்கினால் மணம் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே பொறி எட்டிவிடலாம். சிலிண்டரை நிமிர்த்தி, வீட்டுக்கு வெளியே கூரையின் கீழ் வைத்துச் சுவரினூடாகக் குழாயைக் கொண்டுவருவது நல்லது. முடியாவிட்டால், குசினிக் கதவின் அடியில் காற்றுப் போகும் இடைவெளியாவது விடவேண்டும். வீடு கட்டும்போதே மேசனிடம் சொல்லவேண்டிய விடயம் இது. குக்கர் வாங்கும் அன்று யோசித்துப் பயனில்லை.

கூடுதல் காசு கொடுக்க விரும்புகிறவர்கள் அதைப் போறணைக்குக் கொடுக்காமல், சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்பு உள்ள அடுப்புக்குக் கொடுக்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியில் யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். குறைந்த தணலில் சொதியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வருவதற்குள் காற்று சுவாலையை அணைத்திருக்கும், வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இனி, பின்கதவுக் கொட்டிலுக்கு வருகிறேன். அந்த விறகடுப்பை இடித்துவிட வேண்டாம் என்பதுதான் நான் சொல்லவந்த முக்கிய விடயம்.

வன்னியில் வளர்ந்த எவருக்கும் எரிபொருள் என்பது கடையில் கிடைக்கும் பொருள் மட்டுமல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் அளந்து விடப்பட்டது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உலகெங்கும் இருக்கிறார்கள். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஏ-9 திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் சோறு கொதித்தது பாலை விறகிலும் பனை மட்டையிலும் பொச்சுமட்டையிலும் ஊமலிலும்தான். பாதை ஒன்று மூடப்பட்டால் குசினி மூடப்படக்கூடாது என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் எந்தப் பொருளியல் நூலையும் படிக்காமல் அறிந்துகொண்டார்கள்.

போர் முடிந்துவிட்டது, இனி ஏன் இந்தக் கதை என்று கேட்பவர்களுக்கு 2022 நினைவிருக்க வேண்டும். 2021 ஒக்டோபருக்கு முன்பு 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியில் வரிசை வைத்துவிட்டு இரவு முழுவதும் காத்திருந்தார்கள். மாடி வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு விறகெரிக்க முற்றமில்லை. மின்சாரமும் மணிக்கணக்கில் தடைப்பட்டது. அந்த மாதங்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிலிண்டர் தீர்ந்தது, அடுப்பு அணையவில்லை. கொழும்பு உறவினர் ஒருவர் தொலைபேசியில், "உங்களுக்கென்ன, விறகிருக்கு" என்று பொறாமைப்பட்டார். வன்னியைப் பார்த்துக் கொழும்பு பொறாமைப்பட்ட சந்தர்ப்பங்கள் அதிகமில்லை என்பதால் குறித்துவைத்தேன். மண்ணெண்ணெய்க் குக்கரைப் பதிலாக வைத்திருந்தவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் அடி விழுந்தது. லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது.

நாம் வாங்கும் வாயு கப்பலில் வந்து கெரவலப்பிட்டியிலோ அம்பாந்தோட்டையிலோ இறங்குகிறது. அங்கிருந்து வன்னிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வரிசையின் கடைசியில் நிற்பது நாம். ஆகவே எந்த நிறச் சிலிண்டர் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, லிற்றோவா லாஃப்ஸா என்பதை விட, உங்கள் சந்தியில் உள்ள கடைக்கு எது ஒழுங்காக வருகிறது என்று முதலில் விசாரியுங்கள் என்பதே எனது பதில்.

விறகடுப்பை மறந்து வீடு திட்டமிட்டால் என்ன நேரும் என்பதற்கு அரசாங்கமே ஓர் உதாரணம் தந்தது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஆர்சலர்மிட்டல் நிறுவனம் செய்யவிருந்தது. வீடொன்றின் செலவு இருபது இலட்சம் ரூபாவுக்கும் மேல். தளபாடம், தொலைக்காட்சி எல்லாம் சேர்த்தே தருவதாகச் சொன்னார்கள். வெப்பம், அத்திவாரம், ஆயுள் என்று எழுந்த பல கண்டனங்களுக்கிடையே ஒரு சிறிய கண்டனமும் இருந்தது: குசினியில் விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை. பெரிய வாதங்களின் நடுவே அது கவனிக்கப்படவில்லை. தொலைக்காட்சியை எங்கே வைப்பது என்று யோசித்தவர்கள் சோறு எங்கே கொதிக்கும் என்று யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தத் திட்டம் எதிர்ப்பினால் முதலில் சுருங்கிப் பின்னர் கைவிடப்பட்டது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, விறகின் புகழ்பாடும் பழைமைவாதி என்று என்னைக் கருதவேண்டாம். புகை கொல்லும். வீட்டுக்குள் உண்டாகும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நமது அம்மாமாரின் இருமலும் சிவந்த கண்ணும் "வயது போனதால்" மட்டும் வந்தவையல்ல. விறகு பொறுக்குவதும் இங்கே வெறும் உடலுழைப்பு அல்ல. மீள்குடியேற்றத்தின் பின் பற்றைக்குள் விறகுக்குப் போனவர்கள் மிதிவெடியில் கால் இழந்தார்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றல் எத்தனை ஆண்டுகள் நீண்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எனவே அன்றாடச் சமையல் காஸில் நடக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. தமிழ்நாட்டில் 2007இல் இலவச காஸ் அடுப்புகள் கொடுக்கத் தொடங்கியபோதும், இந்திய மத்திய அரசு 2016இல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியபோதும் ஏளனம் செய்தவர்கள் பெரும்பாலும் அடுப்பு ஊதியறியாத ஆண்களே. ஆனால் அங்கும் இணைப்புப் பெற்ற பல குடும்பங்கள் விறகடுப்பைக் கைவிடவில்லை. அடுத்த சிலிண்டருக்குக் காசு வேண்டுமே.

நெல் அவிக்கும் கிடாரத்தை எந்தக் காஸ் குக்கரிலும் ஏற்ற முடியாது. முற்றத்துப் பொங்கலும் அதில் பொங்காது. மீன் பொரியலை வெளியே வைத்துக்கொண்டால் வீட்டுக்கே நிம்மதி. இவற்றுக்கு வெளியே ஒரு விறகடுப்பு வேண்டும், ஆனால் மூன்று கல்லும் தகரக் கொட்டிலுமாக அல்ல. அனகி என்ற பெயரில் இலங்கையில் நீண்டகாலமாகச் செய்யப்படும் இரட்டைப் பானை மண் அடுப்பு இருக்கிறது. ஒரு வாயில் வைக்கும் விறகு இரண்டு பானையைச் சூடாக்கும். விறகும் குறையும், புகையும் குறையும். அதற்கு மேலே ஒரு நல்ல புகைபோக்கி கட்ட ஆகும் செலவு, அந்த ஆறு பேர்னர் குக்கரின் விலையில் சிறு துண்டு. வெளிநாட்டிலிருந்து படம் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தகாரரிடம் இதைக் கேட்பதில்லை. படத்தில் அது வடிவாகத் தெரியாது.

அக்கா கடைசியில் வாங்கியது உருக்குத் தகட்டு முகமும் பித்தளை பேர்னரும் கொண்ட இரட்டை அடுப்பு. மூன்றாவது பேர்னர் வேண்டாமா என்று கேட்டதற்கு, மூன்றாவதை நடுவில் குறுக்கி வைத்தால் மற்ற இரண்டும் உதவாது என்றார். சிலிண்டர் வெளியே, சுவரோரம். மிஞ்சிய காசில் பின்பக்கக் கொட்டிலுக்கு ஓடு போட்டுப் புகைபோக்கி வைத்தார். மருமகனுக்கு ஏமாற்றம்தான்.

இதுவரை எழுதியது வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளைப் பற்றி. அப்படி எவரும் இல்லாத வீடுகளே வன்னியில் அதிகம். போரில் கணவனை இழந்து, அதிகாலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு 12.5 கிலோ சிலிண்டரின் விலை ஒரே தடவையில் கைக்கு வராத தொகை. அவர்களுக்கு 5 கிலோ சிலிண்டரும், 2.3 கிலோ சிலிண்டரும், அவற்றோடு பாவிக்கும் ஒற்றை அடுப்பும் இருக்கின்றன. நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூட அந்த ஒற்றை அடுப்பு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கவில்லை. கேட்டபோது ஒரு கடையில் மட்டும் பின்னறையிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்து காட்டினார்கள்.